சத்தியக்கடதாசி

கொழும்பு ஆறு, காலி வீதி.
குளிரூட்டிய கடையொன்றில் விலைச்சீட்டு அடிப்பவள் நான்.
மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம்,
அதற்கும் கீழே பட்டைக்கோடு.
நடு வரி என் பொறுப்பு.
சரிபார்க்க இந்தக் கட்டடத்தில் வேறு ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை
பொன்னாங்காணி என்று அடித்தேன்.
வீட்டில் அப்படித்தான்,
வறை வைக்கிற சட்டிக்கும் அப்படித்தான் தெரியும்.
பத்தரைக்கு ஒருவர் வந்து
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
"கண்ணி, பிள்ளை, கண்ணி.
கண்ணுக்கு நல்ல கீரை,
அதின்ரை கண்ணைப் பிடுங்கலாமோ?"

புதன்கிழமை
பொன்னாங்கண்ணி.
ஓர் எழுத்துக் கூடியதில்
சீட்டின் ஓரம் ணியை வெட்டிவிட்டது.
நாள் முழுக்க அது
பொன்னாங்கண் என்று
ஒற்றைக் கண்ணோடு தட்டில் கிடந்தது.
தெஹிவளையிலிருந்து வரும் மிஸிஸ் அருமைத்துரை
பிடியைத் தூக்கிக் காட்டினார்.
"இதென்ன இந்தியாவிலயிருந்து இறக்கினதோ?
எங்கட கீரை காணியெல்லோ.
பொன் ஆம், காண் நீ.
நாப்பது நாள் திண்டால் மேனி பொன்னாகும்,
நீயே பார் எண்டு கீரையே சொல்லுது."
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்,
நான் எத்தனை நாள் தின்றிருப்பேன் என்று
கணக்குப் பார்ப்பவர்போல.

மதிய இடைவேளையில் கைபேசியில் அகராதி.
காணிக்கு எதிரே: கண்ணி பார்க்க.
கண்ணிக்கு எதிரே: காணி பார்க்க.
தனியே தேடினால்
கண்ணி என்பது தலையில் சூடும் பூ,
பறவைக்கு வைக்கும் சுருக்கும் அதுவே.
காணி என்றால் என்னவென்று
கொழும்பில் யாருக்குச் சொல்ல வேண்டும்?
மீன் பகுதி ஃபௌசர் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.
"காணியா? வெள்ளவத்தையிலயா?
பேர்ச் என்ன விலை அக்கா?"
பிடி தொண்ணூறு ரூபாய்.
வேரில் கொஞ்சம் மண்ணும் ஒட்டியிருக்கும்,
அதற்குத் தனியாகக் காசில்லை.

எனக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை.
அடையாள அட்டையில் நான் யதுர்ஷினி.
பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் யதுஷினி.
இடையில் ஒரு ர்,
தலையில் புள்ளி, வாயில் தங்காது,
அம்மா ஒருநாளும் உச்சரித்ததில்லை.
அதற்காக வங்கிக்கு ஏழு மாதம் நடந்தேன்.
கடைசியில் புதுக்கடை,
நீதிமன்ற மதிலோரம் தட்டச்சு வைத்திருந்தவர்
என்னை நிமிர்ந்து பார்க்காமலே அடித்துத் தந்தார்:
மேற்சொன்ன இருவரும் ஒருவரே.
ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.
சமாதான நீதவான் முன்னால் கையை உயர்த்தியபோது
மற்றவள் வந்திருக்கிறாளா என்று
ஒருதரம் திரும்பிப் பார்த்தேன்.

வியாழன், விடியமுன் லொறி.
பெட்டிமேல் தோட்டக்காரர்
சோக்கட்டியால் சிங்களத்தில் ஒரே எழுத்து எழுதியிருந்தார்: மு.
முக்குனுவென்னயின் மு.
அவருக்கு அது போதும்,
முருங்கையையும் அவர் பயிரிட்டால் என்ன செய்வாரோ.
"இண்டைக்கு எது?" என்றாள் துலாஞ்சலி,
தமிழை என்னிடம் பொறுக்கிக்கொண்டவள்.
இரண்டையும் அடித்தேன்.
பாதிப் பிடிக்குக் காணி, பாதிக்குக் கண்ணி
(எழுத்தைச் சிறிதாக்கி ணியைக் காப்பாற்றியிருந்தேன்),
ஒரே தட்டில், கலந்து.
அதே விலை, அதே பட்டைக்கோடு.

ஐந்து மணிக்குள் காணி தீர்ந்தது.
கண்ணியில் மூன்று மிச்சம், தண்டு துவண்டு.
மிஸிஸ் அருமைத்துரை தட்டைக் கிளறினார்,
பெருமூச்சு விட்டார்,
ஒரு கண்ணியை எடுத்துச்
சீட்டை நகத்தால் உரித்துக் கைப்பிடிக் கம்பியில் ஒட்டிவிட்டுக்
கீரையைக் கூடையில் போட்டார்.

"சீட்டில்லாமல் விலை போட ஏலாது அன்ரி,"
காசுமேசைப் பையன்.

வரிசையில் ஆறு பேர்.
அவர் திரும்பிப் போனார்,
கம்பியிலிருந்து பிய்த்து வந்தார்,
மறுபடி ஒட்டினார்,
தலைகீழாக.
இயந்திரம் அப்படியே வாசித்தது.